அரைமணியின் காது

அரைமணி வாஷிங் மெஷினின் பெல்ட்டை மாட்டிவிட்டு டிரம்மைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சுற்றியது. பின்பக்கத் தகட்டை வைத்து, வாயில் கவ்வியிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினார். மெஷினைச் சுவர் பக்கமாகத் தள்ளி, கால்கள் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று மூலைகளை அழுத்திப் பார்த்தார். குழாயைத் திறந்தார். பொத்தானைத் தட்டினார். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே மாமாகிட்ட யாரும் பேசக் கூடாது," என்றாள் வீட்டுக்காரி, இடுப்பிலிருந்த குழந்தையிடம். "மெஷின் பேசறதைக் கேக்கறாரு."

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடு அது. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் தூக்கிப் போவார்கள். கூடம் முழுக்கத் தொட்டில்கள். கொடிகள் வாசலில் தொடங்கிச் சமையலறைவரை ஓடின. உள்ளே வருகிறவர்கள் சின்னச் சின்னச் சட்டைகளுக்கு அடியில் குனிந்துதான் வர வேண்டும். வீட்டுக்காரியை எல்லோரும் தொட்டிலக்கா என்றார்கள். அந்த வீட்டில் மெஷின் நின்றால் மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

மெஷின் துவைத்தது. தண்ணீரை வெளியே விட்டது. பிழிய ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். பிறகு தகரத்தின் மேல் கல்லை வைத்து இழுப்பதுபோல் ஒரு சத்தம். அது ஏறிக்கொண்டே போய் அலறலானது. கூடத்தில் ஒரு குழந்தை விழித்து அழுதது. அது அழுததில் இன்னொன்று விழித்தது.

தொட்டிலக்கா கதவருகே வந்து நின்றாள். "அண்ணே, பிழியறப்போ இப்படித்தான் சத்தம் வருமா?"

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மெஷினின் பக்கவாட்டில் இருந்தது. தலை மெல்ல ஆடியது, நல்ல பாட்டைக் கேட்கிறவர் தலை ஆடுவதுபோல. அதைத்தான் அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

மெஷின் நின்றதும் எழுந்து பையைத் தூக்கினார். "பூ மாதிரி ஓடுது," என்றார்.

"சரிண்ணே," என்றாள் தொட்டிலக்கா, ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி.

அரைமணி என்பது அவருக்கு வேலை வைத்த பெயர். மற்ற மெக்கானிக்குகள் ரிப்பேர் முடிந்ததும் ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பார்கள். ஓடினால் கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்ப மாட்டார். ஓட விட்டுப் பக்கத்தில் கண்ணை மூடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஃபிரிட்ஜ் ஆனாலும் சரி, மின்விசிறி ஆனாலும் சரி. டீ கொண்டுவந்தால் கண் திறக்காமலே கை நீளும். பழக்கமில்லாத வீடுகளில் மனிதர் தூங்கிவிட்டார் என்று நினைத்து உலுக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் தலையணை கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இளவயதில் பாத்திர மூடி அடிக்கும் பட்டறையில் இருந்தார். பகலெல்லாம் தகட்டின் மேல் இரும்பு விழும். அங்கே யாரும் பேசிக்கொள்வதில்லை. தாகம், பசி, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் கைச்சைகைதான். அந்த இரைச்சலுக்குள்ளும் எந்த இயந்திரம் படுக்கப்போகிறது என்று அவருக்குக் கேட்டது. மேஸ்திரி அவரை மூடி அடிப்பதிலிருந்து விடுவித்து எண்ணெய் போடும் வேலைக்கு மாற்றினார். தொழிலைக் கொடுத்த இடம் அது. காதை எடுத்துக்கொண்டதும் அதே இடம்தான். ஆனால் எடுத்துக்கொண்டது தெரிய வர நெடுங்காலம் ஆயிற்று.

மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் அவரைத்தான் கேட்டார்கள். விலை குறைந்ததை வாங்கலாமா, கூடியதை வாங்கலாமா?

"மலிவானது நோவு வந்தா கத்தும். ஊரைக் கூட்டும். போய்ப் பாத்துச் சரி பண்ணிடலாம்," என்பார். "விலை ஒசந்தது வாயே தொறக்காது. ஒருநாள் காலைல போய்ப் பாத்தா பொணமாக் கெடக்கும்."

"அப்போ அதை யார்தான் வாங்கறது?"

"சண்டைக்கு வர்ற பக்கத்து வீட்டுக்காரர் இருந்தா வாங்கலாம். எதை வாங்கினாலும் முன்பக்கத்தைப் பாக்காதீங்க. முன்பக்கம் எல்லாம் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். பின்பக்கம் போய் ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. ஒட்டி வச்சிருந்தா தொடாதீங்க."

அவர் வீட்டு மெஷினுக்குக் கடையே கிடையாது. மூடி ஒரு வீட்டில் தூக்கிப் போட்டது. டிரம் இன்னொரு வீட்டுடையது. மோட்டார் வந்த வழி அவருக்கே மறந்துவிட்டது. மூடிக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம். அவர் மனைவி அதற்குக் கூட்டுக்குடும்பம் என்று பெயர் வைத்திருந்தாள். "ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஆனா வேலைன்னு வந்தா எல்லாம் சேர்ந்து செஞ்சிடும்."

சமீபகாலமாக அவருடைய யோசனையில் ஒரு மாற்றம் வந்திருந்தது. புதிதாக இறங்கிய ஒரு மலிவு மெஷினை வாய் ஓயாமல் புகழ்ந்தார். "விலையும் கம்மி, சத்தமும் கெடையாது. இப்ப வர்ற மெஷின் எல்லாமே நல்லா வருது," என்றார். தெருவில் பலர் அதை வாங்கினார்கள். அது பிழியும் நேரத்தில் அலமாரியிலிருந்த டம்ளர்கள் நடந்து விளிம்புக்கு வந்தன. ஒரு வீட்டில் காலண்டர் ஆணியோடு விழுந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அரைமணியே சத்தமில்லை என்கிறார், அப்படியானால் சத்தமில்லை என்பது இதுதான் போலிருக்கிறது என்று டம்ளர்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

வேலைக்கு வரும் ஃபோன்களை எடுப்பது அவர் மனைவி. முன்பு அவரே எடுத்துக்கொண்டிருந்தார். ஃபோன் வேலையைக் கெடுக்கிறது என்று சொல்லி ஒருநாள் அவளிடம் கொடுத்துவிட்டார். அவளும் அதை நம்பினாள். வீட்டில் எதையும் அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வேலை நினைப்பில் இருக்கிறார் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

தொட்டிலக்கா ஃபோன் செய்தாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. சும்மா ஒரு சந்தேகம். எந்த நேரத்துல துணி போட்டா சத்தம் கொஞ்சம் கம்மியா வரும்? பிள்ளைங்க தூங்கறப்போ போட்டா முழிச்சிக்குதுங்க."

"என்ன சத்தம்?"

"பிழியறப்போ வருமே, அதுதான். அண்ணன் உக்காந்து கேட்டுட்டுத்தான் போனாரு. தலையாட்டினாரு. அப்புறம் நாம என்ன சொல்றது? இருங்க, ஃபோனைக் கிட்ட வைக்கறேன்."

மனைவி ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்தாள். அப்படியும் கேட்டது. பேசி முடித்து வைத்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலை நினைப்பு என்று வைத்திருந்த காரணத்தை எடுத்துவிட்டு, காது கேட்கவில்லை என்பதை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

அன்று கூட்டுக்குடும்பத்தில் துணி போட்டபோது துணிகளோடு ஒரு கரண்டியையும் போட்டாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஓடறது ஒரு மாதிரி இருக்கு."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். கரண்டி டிரம்மில் அடித்துக்கொண்டு சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தானே ஓடுது. உனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

அவள் மெஷினை நிறுத்தினாள். மூடியைத் திறந்து துணிகளுக்குள் கையை விட்டுத் துழாவிக் கரண்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது எப்படி உள்ள போச்சு?"

"நான்தான் போட்டேன்."

ஈரக் கரண்டியைச் சட்டையில் துடைத்து வேலைப்பையில் ஸ்பானர்களோடு போட்டுக்கொண்டார். அன்று எங்கும் போகவில்லை. திறந்து கிடந்த மெஷினுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார் சாப்பிடும்போது. "காது போச்சுன்னு தெரிஞ்சா என்னை யார் கூப்பிடுவாங்க? ஸ்க்ரூ முடுக்கத் தெரிஞ்சவங்க தெருவுக்குத் தெரு இருக்காங்க. நான் உக்காந்து கேக்கறதுக்குத்தான் கூப்பிடறாங்க."

"சொல்லலை. காதுக்கும் மெஷின் விக்கறாங்க. போய் வாங்கிட்டு வரலாம். நீங்கதான் மெஷின் வாங்கறதுல பெரிய ஆளாச்சே."

காதுக்கடையில் கண்ணாடிக் கதவும் மெத்தென்ற தரைவிரிப்பும் இருந்தன. அங்கிருந்த பெண் அவரை ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்தாள். பிறகு ஒரு தட்டில் இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று மலிவு. மற்றதன் விலைக்குத் துணி துவைக்கும் மெஷினே கடையில் புதிதாக இரண்டு மூன்று வாங்கிவிடலாம். அவர் விலை கூடியதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்க்ரூ எங்கம்மா இருக்கு?"

"ஸ்க்ரூ கிடையாது சார்."

"பின்ன எப்படித் தொறக்கறது?"

"தொறக்கக் கூடாது சார். ஏதாவது ஆச்சுன்னா எங்ககிட்ட கொண்டு வரணும்."

"நீங்க எப்படித் தொறப்பீங்க?"

அந்தப் பெண் யோசித்தாள். "நாங்களும் தொறக்க மாட்டோம். கம்பெனிக்கு அனுப்பிடுவோம்."

மனைவி முழங்கையால் இடித்தாள். "பின்பக்கம் பாத்தது போதும். காதைக் காட்டுங்க."

பெண் அதை மாட்டினாள். "பேச்சு எது, இரைச்சல் எதுன்னு இதுவே பிரிச்சுக்கும் சார். பேச்சை மட்டும் எடுத்துக் குடுக்கும்."

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்து, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "வர்ற வழியில பஸ்ஸுக்கு நின்னவங்களோட ஒரு நாயும் வரிசையில நின்னுச்சு."

"என்ன கலர் நாய்?" என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இப்படிப்பட்ட விஷயங்களை அவரிடம் சொல்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். இரண்டாம் முறை உரக்கச் சொல்லும்போது அந்த நாயில் ஒன்றும் மிஞ்சாது.

"வெள்ளை," என்றாள். "காது மட்டும் கறுப்பு."

"இதையே எடுத்துக்கலாம்," என்றார் அவர் அந்தப் பெண்ணிடம்.

பெண் ரசீதுக்காக எழுந்தாள். அவர் சுவரில் மேலே இருந்த ஏசியைப் பார்த்தார். அதன் கீழே மாட்டியிருந்த காகிதம் ஆடிக்கொண்டிருந்தது.

"அது ஓடுதாம்மா?"

"ஓடுது சார்."

போய்க் கையை நீட்டிப் பார்த்தார். காற்று வந்தது. வேறெதுவும் வரவில்லை. "எனக்குக் கேக்கலையே."

"அதுதான் சார் இதுல சிறப்பு. ஏசி, ஃபேன், மோட்டார், இப்படி ஒரே மாதிரி ஓடிக்கிட்டிருக்கற சத்தத்தை எல்லாம் அமுக்கிடும்."

"அமுக்க வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லலாம் சார், நிறுத்தி வைக்கலாம். ஆனா அதை நிறுத்திட்டா இவ்வளவு விலை குடுத்து இதை வாங்கறதுல அர்த்தமே இல்ல. அதுக்கு அந்த மலிவானதே போதும்."

அவர் ஏசியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "இருக்கட்டும்மா," என்றார். "இதுவே இருக்கட்டும்."

"மலிவானதையும் ஒரு தடவை மாட்டிப் பாத்துடலாம்," என்றாள் மனைவி. "மாட்டறதுக்குக் காசா பணமா."

அதை மாட்டியதும் அவர் முகம் சுருங்கியது. எல்லாம் ஒரேயடியாக உள்ளே நுழைந்தன. நாற்காலி முனகியது. சட்டைக் காலர் கழுத்தில் உரசியது. வெளியே ஏதோ வண்டி நின்று உறுமியது. "எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டது தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. அவர் விரலை உயர்த்தினார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி, ஏசியின் பக்கத்தில் தலையைக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"சார், கீழ எறங்குங்க," என்றாள் பெண்.

"உள்ள விசிறியில ஒரு பக்கமா அழுக்கு சேர்ந்திருக்கும்மா. தள்ளாடுது. கழுவச் சொல்லிடுங்க. இல்லன்னா பேரிங் போயிடும்."

மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வாளியின் மேல் உட்காரும்போது அவருக்கு வருகிற முகம் அது. கொஞ்ச காலமாக அவர் வெறுமனே தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது அந்த முகம் இல்லாமல் இருந்ததை இப்போதுதான் கவனித்தாள்.

"இதையே குடுத்துடும்மா," என்றாள்.

"இதுல பேச்சு அவ்வளவு தெளிவா இருக்காது அம்மா. உங்க குரல்கூட அவருக்கு…"

"மெஷின் அளவுக்கு எனக்கும் கத்தத் தெரியும்."

அவர் நாற்காலியின் மேல் நின்றபடியே சிரித்தார். அவள் சொன்னது கேட்டிருந்தது.

வெளியே வந்ததும் மனைவி தொட்டிலக்காவின் ஃபோனைப் பற்றிச் சொன்னாள். வேலைப்பையோடு நேராக அவள் வீட்டுக்குப் போனார்கள். தெருமுனையில் அவர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக் காதை மறைத்துக்கொண்டார். மனைவி அவிழ்த்து மடித்து அவர் பையிலேயே வைத்தாள்.

தொட்டிலக்காவின் பார்வை அவர் காதில் ஒரு கணம் நின்று நகர்ந்தது. மெஷினைப் பிழிய வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். முனகல் தொடங்கி ஏறி அலறலானபோது அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்படியா கத்துச்சு?"

"ஆமாண்ணே."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க தலையாட்டினீங்களேண்ணே. உங்களுக்குத் தெரியாததா. புது பெல்ட்டு பழகற வரைக்கும் கத்தும்போல, அப்படின்னு நெனச்சுக்கிட்டேன்."

யாரிடமும் சொல்லாதே என்று மனைவியிடம் சொன்னதை அவரே சொன்னார். "எனக்குக் கேக்கலம்மா. கேக்காமத்தான் தலையாட்டினேன்."

தொட்டிலக்கா மெஷினை நிறுத்தினாள். இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"எனக்குத் துணி தைக்கறவர் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் ஊசி கோக்கறாரு," என்றாள். "அதுக்காக நான் வேற ஆளைத் தேடினேனா? வாளி அங்கதான் இருக்கு. டீ வைக்கட்டுமா?"

அவர் டிரம்மை வெளியே எடுத்தார். தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. உள்ளே கசிந்த தண்ணீரில் பேரிங் துருப்பிடித்து, கையில் சுற்றினால் மணல்போல் நறநறத்தது. மனைவி கடைக்குப் போய்ப் புதிய பேரிங்கும் வளையமும் வாங்கி வந்தாள். இன்னும் சில வாரங்கள் விட்டிருந்தால் டிரம்மே போயிருக்கும். பழைய பேரிங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தொட்டிலக்காவுடையது மலிவு மெஷின். கேட்க வேண்டியவனுக்குக் கேட்காதபோதும் அது கத்துவதை நிறுத்தவில்லை. கத்தியதால்தான் ஒருத்தி ஃபோன் செய்தாள். ஃபோன் வந்ததால்தான் இன்னொருத்தி கரண்டியைப் போட்டாள். யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பேரிங்கைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூட்டி முடித்து, வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினார். மெஷின் பிழிந்தது. கனமான, ஒரே சீரான ஒரு ரீங்காரம். அதற்குப் பின்னால் தொட்டில் சங்கிலி கிறீச்சிட்டது. ஒரு குழந்தை விரலைச் சப்பியது. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டு, "அக்கா, என் பையன்…" என்று ஆரம்பித்தார்கள்.

"மெதுவா," என்றாள் தொட்டிலக்கா. "அரைமணி கேக்கறாரு."

போகிற வீடுகளில் எல்லாம் தனக்காக இப்படி ஒருத்தர் வாசலில் நின்று மற்றவர்களை அடக்கியிருப்பார் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. கண்ணைத் திறக்காமல் இருந்தார். தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். மெஷின் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எழவில்லை. மனைவி தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

"பூ மாதிரி ஓடுதாண்ணே?" என்றாள் தொட்டிலக்கா.

"நீ சொல்லும்மா."

"ஓடுது," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து அவர் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் மனைவி, "ஈரக்காலோட உள்ள வந்தா இருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"தொடைச்சுட்டுத்தான் வருவேன்," என்றார் அவர் வெளியிலிருந்து.

"இனிமே யோசிச்சுத்தான் திட்டணும்போல," என்றாள்.

"அதுவும் கேட்டுச்சு," என்றார்.

மறுநாள் காலையில் அவர் சொல்லி மலிவு மெஷின் வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போனார். முதல் வீட்டில் மெஷினின் ஒரு கால் தரையில் படவில்லை. மட்டப்படுத்தினார். சத்தம் பாதியானது. அடுத்த வீட்டில் நான்கு கால்களுக்கும் ரப்பர் வைத்தார். அலமாரியின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்திருந்த டம்ளர்களை அந்த வீட்டுக்காரர் பழைய இடத்தில் எடுத்து வைத்தார். அதற்கடுத்த வீடு பூட்டியிருந்தது. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மனைவி தெருவில் பார்த்த எதையோ சொன்னாள். சாயங்காலம் கடைக்காரரிடம் போய், அந்த மெஷின் நல்ல மெஷின்தான், ஆனால் சத்தம் போடும், வாங்க வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். கடைக்காரர் சரி என்றார். ஒரு ஃபேன் ரிப்பேருக்குப் போய் அரைமணி உட்கார்ந்துவிட்டு வந்தார். பையைக் கொட்டித் துடைக்கும்போது ஸ்பானர்களுக்கு நடுவில் கரண்டி கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கழுவி மற்றக் கரண்டிகளோடு வைத்தாள்.